வலப்பக்கம் இருபது தப்படி

வடக்கே லிகூரியப் போர் முடிந்து எங்கள் ஆல்வேனாவின் படை ஊர் திரும்பியபோது, முந்நூற்றுப் பதினோரு ஆட்களும் ஒன்பது கழுதைகளும் இருபது தப்படி அகலமுள்ள ஓர் இடைவெளியும் வந்து சேர்ந்தன. ஆட்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள், இடைவெளியை யாரும் கவனிக்கவில்லை. அது ஹேரியுஸின் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மறுநாள் விடிந்தபோது அவன் வீட்டுக்கு வலப்பக்கம் இருந்த நோவியுஸின் வீடு இருபது தப்படி தள்ளிப்போய், தன்னுடைய திராட்சைத் தோட்டத்தின் நடுவில் நின்றது. ஓர் ஓடு உடையவில்லை. அடுப்பில் இருந்த கூழ் சிந்தவில்லை. நோவியுஸ் கதவைத் திறந்து, வாசல் இருக்க வேண்டிய இடத்தில் திராட்சைக் கொடி இருப்பதைப் பார்த்துவிட்டு, நேற்றைய வரவேற்பில் குடித்தது கொஞ்சம் அதிகம்தான் என்று முடிவு செய்து மறுபடி போய்ப் படுத்துக்கொண்டான். மூன்றாம் நாளும் வீடு பழைய இடத்துக்குத் திரும்பாததால்தான் விஷயம் ஊர்ச் சபைக்கு வந்தது.

இந்த இடைவெளி எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டுமானால், ரோமானியர்கள் போருக்கு ஆள் நிறுத்தும் முறையைச் சொல்ல வேண்டும். நடுவில் அவர்களுடைய சொந்தப் படை நிற்கும். இரண்டு பக்கமும் எங்களைப் போன்ற நேச ஊர்களின் படைகள் நிற்கும். எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் இறக்கை. உடம்பு எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ அந்தப் பக்கம் அடித்துக்கொள்வது இறக்கையின் வேலை. எங்கே போகலாம் என்று இறக்கையிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் எந்த ஊரை எந்த ஊருக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்பது லேசான காரியம் அல்ல. கல்யாணப் பந்தியில் சம்பந்திகளை உட்கார வைப்பதைவிடச் சிக்கலானது. மேய்ச்சல் நிலத்துக்காக எங்களோடு மண்டையை உடைத்துக்கொண்ட பெலிக்னியர்களை எங்கள் பக்கத்தில் நிறுத்தினால், எதிரி வருவதற்கு முன்பே சண்டை முடிந்துவிடும். ஆகவே நடுவில் உம்பிரியர்களை வைக்க வேண்டும், அவர்களுக்கு எங்கள் இருவர் பேச்சும் புரியாது. யானைகளோடு ஒருவன் வந்த காலத்தில் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஊர்கள் கடைக்கோடியில் நிற்க வேண்டும். எந்தக் காலத்திலும் கட்சி மாறாத ஊருக்கு மட்டும் ரோமானியப் படையை ஒட்டிய இடம், அதாவது மரியாதையான இடம். ஆல்வேனாக்காரர்கள் கட்சி மாறியதே இல்லை. மாறலாமா என்று நாங்கள் சபை கூட்டிப் பேசி முடிப்பதற்குள் போரே முடிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

எங்கள் இறக்கையை அடுக்கியவர் கனீனியுஸ் என்ற ரோமானிய அதிகாரி. சிவப்பு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எப்போதும் தோளில் மாட்டியிருப்பார். அதை வைத்து அளந்து, ரோமானியப் படையின் இடக்கோடிக்கும் எங்கள் படையின் வலக்கோடிக்கும் நடுவில் சரியாக இருபது தப்படி வெற்றிடம் விடுவார். ஏன் என்று கேட்டால் ஆண்டுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முன்னால் போன கவண்காரர்கள் ஓடிவந்தால் நுழைவதற்கு என்றார்கள். ஒரு பக்கம் பீதி கிளம்பினால் மறு பக்கம் தொற்றாமல் இருக்க என்றார்கள். எங்களுக்கு உண்மையான காரணம் தெரியும்: அவர்கள் அவர்கள், நாங்கள் நாங்கள்.

அந்த வலக்கோடியில், முதல் வரிசையில், முதல் ஆளாக நின்றவன் ஹேரியுஸ். கேடயம் இடக்கையில் இருக்கும். ஆகவே ஒவ்வொருவனுடைய வலப்பக்கத்தையும் காப்பது பக்கத்து ஆளின் கேடயம். கோடியில் நிற்பவனுக்குப் பக்கத்து ஆள் இல்லை. அவன் வலப்பக்கத்தைக் காப்பது காற்று. அதனால் எங்கள் ஊரில் அந்த இடத்துக்குப் பலசாலியைத் தேர்ந்தெடுப்பதில்லை, பிடிவாதக்காரனைத் தேர்ந்தெடுப்பார்கள். நில் என்றால் நிற்பவன், மழை பெய்தாலும் ஏன் என்று கேட்காதவன். முதல் கோடையிலேயே லிகூரியன் ஒருவன் வீசிய கவண்கல் தலைக்கவசத்தின் இடப்பக்கம் பட்டு, ஹேரியுஸுக்கு இடக்காது முழுவதுமாகப் போய்விட்டது. இடப்பக்கம் நின்ற சொந்த ஊர்க்காரர்கள் என்ன பேசினாலும் கேட்காது. கேட்ட ஒரே குரல், இடைவெளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல். அது த்ரெமெல்லியுஸ் என்ற ரோமானியனுடையது. அவர்களுடைய படையின் இடக்கோடி ஆள் அவன். முகாமில் அவர்கள் நடுவிலும் நாங்கள் ஓரத்திலும் கூடாரம் போடுவதால், இருவரும் அருகருகே நின்று பேசியது கிடையாது. அணிவகுத்து நிற்கும் நாட்களில் மட்டும், எதிரி வரும்வரை, இருபது தப்படிக்குக் குறுக்கே கத்திக்கொள்வார்கள்.

"ஏய் மலைக்காரா! இன்னைக்கு உங்க பக்கம் என்ன சாப்பாடு?"

"உங்க ஆளுங்க தின்னுட்டு மிச்சம் வச்சது!"

"அப்போ பட்டினியா?"

"பட்டினிதான். அதான் உன்னைப் பார்த்தா ஆட்டுக்குட்டி மாதிரி தெரியுது!"

ஆறு கோடைகள் இப்படிப் போயின. ஏழாவது கோடையில், ஒரு பள்ளத்தாக்கின் வாயில், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், த்ரெமெல்லியுஸின் தொடையில் ஈட்டி பாய்ந்து அவன் இடைவெளிக்குள் விழுந்தான். ஹேரியுஸ் பார்த்தான். எட்டிப் பாய்ந்தால் பிடித்து இழுத்துவிடலாம். ஆனால் போருக்குக் கிளம்பும்போது எங்கள் ஊர்ப் படை எடுத்துக்கொள்ளும் சத்தியம் ஒன்று உண்டு: மூன்று காரணங்களுக்காக மட்டுமே நிற்கும் இடத்தை விட்டு நகரலாம். விழுந்த ஆயுதத்தை எடுக்க, எதிரியை வெட்ட, சொந்த ஊர்க்காரனைக் காப்பாற்ற. த்ரெமெல்லியுஸ் ஆயுதம் இல்லை, எதிரி இல்லை, ஆல்வேனாக்காரனும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் சத்தியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குதித்திருப்பார்கள். ஹேரியுஸ் நின்றான். அவனை அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். பிறகு லிகூரியர்கள் மோதினார்கள், வரிசை முன்னால் நகர்ந்தது, அந்தி சாய்ந்து திரும்பி வந்தபோது இடைவெளியில் ஆளும் இல்லை, பிணமும் இல்லை. யாரிடமும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் வலப்பக்கம் இருபது தப்படிக்குள் எதுவும் நிற்பதில்லை. ஆளானாலும் ஆடானாலும் வீடானாலும் தானாக விலகிப்போய் நிற்கும், அவன் கடந்து போனதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். படையில் இருந்தவரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே அது ஒழுங்கு.

ஊரில் அது தொல்லை. அவன் சந்தைக்கு வந்தால் கடைகள் நகர்ந்தன. தெருமுனையில் திரும்பினால் எதிர்வீட்டுக்காரர்கள் சமைத்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். கட்டிலில் ஒருமுறை மறதியாக வலப்பக்கம் புரண்டு படுத்ததில், கட்டிலும் தரையும் வலப்பக்கம் ஆகிவிட, அவன் கூரையைத் துளைத்துக்கொண்டு இருபது தப்படி உயரத்துக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் மனைவி வீபியா அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, மீன்வலைக் கயிற்றால் கட்டிப்போட ஆரம்பித்தாள். நோவியுஸ் தினமும் திராட்சைக் கொடிகளைத் தாண்டி வந்து, இடப்பக்கம் நின்று கத்துவான். அது கேட்காது என்று நினைவு வந்ததும் முன்னால் வந்து கத்துவான்.

"யோவ் ஹேரியுஸு, தும்மும்போது மட்டும் தலையை ஆட்டாம தும்முய்யா! நேத்து என் பன்னி ஏரிக்கரைக்கும் வீட்டுக்கும் நாலு தடவை போய் வந்துடுச்சு. நடந்தே இளைச்சுப் போச்சு!"

வீபியா ஆங்கித்தியா அம்மனின் தோப்பில் பாம்பு பிடித்து மருந்து காய்ச்சுபவள். விரியனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரொட்டி சுடுவாள். அவளுக்கு இடைவெளி பயமாக இல்லை, எரிச்சலாக இருந்தது. இடப்பக்கம் ஒட்டி உட்காரலாம், ஆனால் அந்தக் காது செத்த காது. முன்னால் நின்று பேசலாம், ஆனால் வலக்காதும் கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் குரலை உயர்த்த வேண்டும். மற்றபடி வலப்பக்கம் இருபது தப்படி தள்ளி நின்று கூவ வேண்டியதுதான். அதனால் அந்த வீட்டின் அந்தரங்கம் முழுவதும் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. "உன் மூலத்துக்கு மருந்து அரைச்சு வச்சிருக்கேன், மறக்காம போட்டுக்கோ!" என்று அவள் சொன்னால், ஏரியில் வலை வீசிக்கொண்டிருப்பவர்கள் சாயங்காலம் வந்து, போட்டுக்கொண்டாயா என்று ஹேரியுஸிடம் விசாரித்தார்கள்.

ஆனால் கூவ முடியாத ஒன்று அவளிடம் இருந்தது. நாலாவது ஆண்டு, அவன் குளிர்கால விடுப்பில் வந்துபோன பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் உயிரோடு இருந்தது. எட்டாம் நாளே பெயர் வைத்தாகிவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், தகப்பன் பார்க்காத குழந்தை இறந்துபோனால், அதன் பெயரைத் தாய், அது இறந்த வீட்டு அடுப்பின் முன்னால், தகப்பன் காதோடு காதாக ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும். உரக்கச் சொல்லக் கூடாது, மூன்றாம் பேர் கேட்கக் கூடாது. சொன்னால்தான் குழந்தை குடும்பத்துச் செத்தவர்களோடு சேரும். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுக்குப் படைக்கும்போது அதற்கும் ஒரு கிண்ணம் வைக்கலாம். சொல்லாதவரை அது யாருடைய குழந்தையும் இல்லை; ஏரிமேல் எழும் மூடுபனியோடு அலையும். அதற்குப் பிறகு போர் முடியும்வரை அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை; அவன் திரும்பி வந்த நாளிலிருந்து வீபியா மூன்று ஆண்டுகளாகக் கிண்ணத்தைக் கழுவித் தயாராக வைத்திருந்தாள். மூன்று ஆண்டும் கிண்ணம் அலமாரியிலேயே இருந்தது. ஹேரியுஸுக்கும் இது தெரியும். அவன் அடுப்புக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் அடுப்பும் வலப்பக்கத்துச் சுவரும் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தன.

இந்த நிலையில், மூன்று ஆண்டு கூடிப் பேசிய பிறகு, வரும் திராட்சை அறுவடைக்குள் இடைவெளியை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும், முடியாவிட்டால் அதோடு சேர்ந்து அவனும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஊர்ச் சபை தீர்ப்புச் சொன்னது. ஊரைவிட்டுப் போனால் அந்த வீடு இல்லை, அந்த அடுப்பு இல்லை. சபையில் ஒருவர் நியாயமான யோசனை ஒன்றும் சொன்னார்: போர் முடிந்ததும் எல்லாருக்கும் கலையலாம் என்று எக்காளம் ஊதினார்கள், இடைவெளிக்கு யாரும் ஊதவில்லை, அது அரசாங்கச் சொத்து, உத்தரவு இல்லாமல் எப்படிக் கலையும்? ஆகவே அதை உண்டாக்கிய அதிகாரியிடமே போய் உத்தரவு வாங்கி வரட்டும்.

புருஷனும் மனைவியும் ரோமாபுரிக்குக் கிளம்பினார்கள். ஹேரியுஸ் சாலையில் நடந்தான். வழியெல்லாம் மைல்கற்களும் வேலிகளும் ஒதுங்கி நின்று, அவன் போனதும் திரும்பி வந்தன. நகரத்துக்குள் நுழைந்திருந்தால் எந்தக் கோயில் எந்தக் கசாப்புக் கடைக்குள் போயிருக்குமோ தெரியாது. நல்லவேளையாக, ஓய்வுபெற்ற கனீனியுஸின் தோட்டம் நகர வாசலுக்கு இந்தப் பக்கமே இருந்தது. அவர் முட்டைகோசுகளைக் கயிறு பிடித்து மூன்று வரிசையாக நட்டு, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் சரியான இடம் விட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஹேரியுஸ் உள்ளே வந்ததும் வலப்பக்கத்து முட்டைகோசுகள் இருபது தப்படி நகர்ந்து, வரிசை கலையாமல் நின்றன. கனீனியுஸ் கயிற்றை எடுத்து அளந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"என்னோடதேதான்! முடிச்சுக்கு முடிச்சு சரியா இருக்கு பாரு. அந்தப் பக்கம் ஒரு விரல் கூடலை, இந்தப் பக்கம் ஒரு விரல் குறையலை. அப்பல்லாம் வேலைன்னா வேலை!"

"கலைச்சு விடுங்க ஐயா. ஊர்ல இருக்க முடியலை" என்றான் ஹேரியுஸ்.

கனீனியுஸ் நெஞ்சை நிமிர்த்தி, பழைய குரலில், கலையலாம் என்று உத்தரவிட்டார். தோட்டத்து வாத்துகள் கலைந்தன. இடைவெளி கலையவில்லை. இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் சொல்லிப் பார்த்துவிட்டு, இருமல் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"போன வருஷம் வந்தானே, அவனுக்கும் இப்படித்தான், போக மாட்டேனுடுச்சு."

"யாரு?"

"அந்த நொண்டி. உன் பக்கத்துல நின்னவன். த்ரெமெல்லியுஸ். அவனுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கு. வடக்கே நிலம் குடுத்திருக்காங்க அவனுக்கு. உழப் போனா நிலம் நகர்ந்துக்குதாம்."

ஹேரியுஸ் முட்டைகோசுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோட்டத்தைவிட்டு வெளியே வந்து ஒரு மைல் தூரம் நடந்த பிறகு, இடப்பக்கம் நடந்த வீபியாவிடம், விழுந்ததையும் பார்த்ததையும் நின்றதையும் சத்தியத்தின் மூன்று காரணங்களையும் சொன்னான். அவள் கேட்டு முடித்தாள். பிறகு சாலையைவிட்டு இறங்கி, வேலியைத் தாண்டி, ஒருவருடைய கோதுமை வயலுக்குள் இருபது தப்படி போய் நின்று, வண்டிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கூவினாள்.

"அவன் உயிரோட இருக்கான்ல? அப்புறம் என்னய்யா ஆமை மாதிரி நடக்கற? காலை எட்டிப் போடு!"

வடக்கே போக பதினெட்டு நாள் ஆயிற்று. போரில் பிடித்த நிலத்தை அங்கே சிப்பாய்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்: ரோமானியனுக்குப் பத்து நாள் உழவு நிலம், எங்களைப் போன்றவர்களுக்கு மூன்று நாள் உழவு. ஹேரியுஸ் தன் மூன்றைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. த்ரெமெல்லியுஸின் பத்தும் ஒரு சரிவில் இருந்தன. அவன் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தான். இறகு வைத்த தலைக்கவசத்தோடு ஆறு ஆண்டு பார்த்தவனை நெட்டையன் என்று நினைத்திருந்தான் ஹேரியுஸ். எழுந்து நின்றவன் கட்டையன், வழுக்கை, ஒரு கால் விறைத்திருந்தது. அவன் பிடிவாதத்துக்குப் பயந்தோ என்னவோ யாரும் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை, தனிக்கட்டை.

"ஏய் மலைக்காரா! நீ இன்னும் சாகலையா?"

"உன்னை முந்திக்கிட்டுப் போக மனசு வரலை!"

பழக்கதோஷத்தில் இருவரும் வடக்கு நோக்கித் திரும்பி நின்றார்கள், போர்க்காலத்தில் எதிரி வந்த பக்கம். ஹேரியுஸின் வலப்பக்கமும் த்ரெமெல்லியுஸின் இடப்பக்கமும் நடுவில் ஒரே இடைவெளியாகச் சேர்ந்தன. ஹேரியுஸ் அவனைப் பார்க்காமல், முன்னால் தெரிந்த மலையிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"நீ விழுந்ததை நான் பார்த்தேன். நாலு மூச்சு விடற நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன்."

"நாலு இல்லை, ஆறு. நான் கீழே சும்மாதானே கிடந்தேன், எண்ணறதைத் தவிர எனக்கு என்ன வேலை?"

"எங்க சத்தியத்துல உனக்கு இடமில்லை."

"எங்க சத்தியத்துலயும் ரோமானியனைக் காப்பாத்தத்தான் நகரலாம்னு இருக்கு. கிடந்தபோது அதைத்தான் யோசிச்சேன். நீ விழுந்து நான் நின்னிருந்தா, நானும் உன்னை மாதிரியே கட்டை மாதிரிதான் நின்னிருப்பேன். அதுல எனக்கு உன் மேல கோபம் வர வேண்டியது, என் மேலயே வந்துடுச்சு. அப்போ ஒட்டினதுதான் இது."

"எப்படித் தப்பிச்சே?"

"இதாலதான். லிகூரியன் ஒருத்தன்கூட இதுக்குள்ள கால் வைக்கலை. ரெண்டு பக்கமும் ஓடினாங்க, நடுவுல நான் மட்டும் வெயில் காஞ்சுக்கிட்டுக் கிடந்தேன். பொழுது சாஞ்சதும் தவழ்ந்து போயிட்டேன்."

மன்னிப்புக் கேட்டதாகவோ கொடுத்ததாகவோ இருவரும் பிற்காலத்தில் சொன்னதில்லை. நடந்தது இதுதான்: த்ரெமெல்லியுஸின் பெட்டை வாத்து ஒன்று, இருவருக்கும் நடுவில் இருந்த வெற்று மண்ணில் கால் வைத்து, ஒரு புழுவைக் கொத்தி, அங்கேயே நின்றது. அந்த இடைவெளிக்குள் நுழைந்த முதல் உயிர் அது. இடைவெளி, ஒரு கரை மட்டும் இருக்கும்வரை அலைந்து, இடித்து, தள்ளிக்கொண்டு திரிந்தது, இரண்டு கரையும் கிடைத்ததும் ஆறுபோலத் தன் இடத்தில் கிடந்தது. வீபியா வாத்தைப் பார்த்தாள். பாம்புப் புற்றுக்குள் கைவிடுபவளின் நிதானத்தோடு இடைவெளிக்குள் நடந்து வந்து, புருஷனின் வலத்தோளில் கை வைத்தாள். தொட்டதும் ஹேரியுஸ் திடுக்கிட்டான். அந்தத் தோளில் யாராவது கை வைத்து அவ்வளவு நாள் ஆகியிருந்தது. அவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம் அது இல்லை. அந்தப் பக்கம் திரும்பி த்ரெமெல்லியுஸிடம் சொன்னாள்.

"அண்ணே, ஒரே ஒரு நாள் எங்க ஊருக்கு வாங்க."

"எதுக்கும்மா?"

"எங்க வீட்டு அடுப்பு முன்னால இவர் காதுல ஒரு பேரைச் சொல்லணும். எங்க குழந்தையோட பேரு. அதுவரைக்கும் நீங்க இருபது தப்படி தள்ளி, வடக்கே பார்த்து நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

த்ரெமெல்லியுஸ் உரித்த பீன்ஸையும் உரிக்காத பீன்ஸையும் பார்த்தான். பிறகு பத்து நாள் உழவு நிலத்தைப் பார்த்தான். அது பாதி பக்கத்து ஆளின் ஓடைக்குள் கிடந்தது.

"நிக்கறதுதானே? எனக்கு ஒழுங்கா வர்ற ஒரே வேலை அதுதான்" என்றான்.

மூவரும் தெற்கே நடந்தார்கள். ஹேரியுஸ் சாலையில், த்ரெமெல்லியுஸ் வலப்பக்கத்து வயல்களில் நொண்டிக்கொண்டு, நடுவில் வீபியாவும் ஒரு வாத்தும். இந்த முறை மைல்கற்கள் அசையவில்லை. அறுவடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆல்வேனா வந்து சேர்ந்தார்கள். ஊர் எல்லையிலேயே சபைக்காரர்கள் கூடி நின்று, ஓர் இடைவெளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச்சொன்னால், அதோடு ஒரு ரோமானியனையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறானே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஹேரியுஸ் தன் வீட்டுக்குள் போன பிறகும் நோவியுஸின் வீடு தன் பழைய இடத்திலேயே அசையாமல் நிற்பதை யாரோ பார்த்துச் சொன்னார்கள். திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகிவிட்ட நோவியுஸுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது. ஹேரியுஸ் அடுப்புக்கு முன்னால் வடக்கு நோக்கி உட்கார்ந்தான். வெளியே, சரியாக இருபது தப்படியில், நோவியுஸின் கொல்லை ஓரத்தில், த்ரெமெல்லியுஸ் வடக்கு நோக்கி நின்றான். நோவியுஸ் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு குவளை ஒயினோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"உள்ள என்ன சொல்றாங்க?"

"கேட்கலை."

"இங்கேருந்து கேட்காதா?"

"கேட்கக் கூடாதுன்னுதான்யா இவ்வளவு தூரத்துல நிக்கறேன்."

"மூணு வருஷமா அந்த வீட்டுச் சமாச்சாரம் ஒண்ணு விடாம கேட்டிருக்கேன்" என்று நோவியுஸ் பெருமூச்சு விட்டான். ஆனால் அவனும் கிட்டே போகவில்லை. ஒயினைத் த்ரெமெல்லியுஸிடம் கொடுத்துவிட்டு, சாக்கின் பாதியை அவன் தலையிலும் போட்டான்.

உள்ளே வீபியா புருஷனின் வலப்பக்கம் மண்டியிட்டு, அவன் காதில் வாயை வைத்துச் சொன்னாள். ஒரே சொல்தான், ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவள் வாயை எடுக்க நேரமாயிற்று. அந்தப் பெயர் என்ன என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அலமாரியிலிருந்து கிண்ணத்தை ஹேரியுஸே எடுத்து, மற்றக் கிண்ணங்களின் வரிசையில், தன் தகப்பனுடையதற்கும் தன் தம்பியுடையதற்கும் நடுவில், இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, இடித்துக்கொள்ளும் அளவு நெருக்கமாக வைத்தான். அவன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று சொன்னான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான்.

"அப்போ நான் நாளைக்குக் கிளம்பட்டுமா?" என்று த்ரெமெல்லியுஸ் இடைவெளிக்குக் குறுக்கே கேட்டான்.

"கால் குணமானதும் போ."

கால் எப்போதோ குணமாகிவிட்டது. அதற்குமேல் குணமாக அதில் ஒன்றும் இல்லை. ஆகவே அவன் பத்தொன்பது ஆண்டுகள் ஆல்வேனாவில் இருந்தான். நோவியுஸின் கொல்லை ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். ஹேரியுஸ் ஏரிக்குப் போனால் அவனும் இருபது தப்படி வலப்பக்கத்தில் ஏரிக்குப் போனான். ஹேரியுஸ் மலைக்குப் போனால் அவன் திட்டிக்கொண்டே மலைக்குப் போனான். எங்கள் ஊரில் எல்லா வேலியிலும் இரண்டு வாசல் இருப்பது இதனால்தான். அவன் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டான், அதிலும் வசவுகளை முதலில். பாம்பு பிடிக்கப் போய் இரண்டு முறை கடிபட்டான், இரண்டு முறையும் வீபியா வாயில் வரக் கூடாத வார்த்தைகளால் திட்டிக்கொண்டே மருந்து போட்டாள். ஊருக்கு இருந்த ஒரே குறை, அந்த வீட்டிலிருந்து செய்தி வருவது நின்றுபோனதுதான். வீபியா எதையும் கூவுவதில்லை. ரொட்டி கருகிவிட்டது என்ற சாதாரண விஷயத்தைக்கூடப் புருஷனின் வலக்காதில் போய் ரகசியமாகச் சொன்னாள். ஏரியில் வலை வீசுகிறவர்கள் அவர்கள் இருவரும் சிரிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்து, எதற்கு என்று தெரியாமல் தவித்தார்கள்.

முதலில் போனவன் த்ரெமெல்லியுஸ். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து, நாலாம் நாள் நின்றபடியே போனான். ரோமானியனை எங்கள் சுடுகாட்டில் வைக்கலாமா என்று சபை கூடியது. அது பேசி முடிப்பதற்குள் ஹேரியுஸும் நோவியுஸும் அவனை அவன் நின்ற இடத்திலேயே, வடக்கு நோக்கிப் புதைத்துவிட்டார்கள். இடைவெளி மறுபடி கிளம்பிவிடுமோ என்று ஊர் பத்து நாள் பயந்தது. கிளம்பவில்லை. அவன் அங்கேதான் இருந்தான், அதனால் அதுவும் அங்கேதான் இருந்தது. ஹேரியுஸும் வீபியாவும் போன பிறகு, வேறொரு போருக்கு ஆள் எடுக்க ரோமாபுரியிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். அவர் தோளிலும் முடிச்சுப் போட்ட கயிறு இருந்தது. ஊர் நடுவில், வீடுகளுக்கிடையே, அகலமான வெற்று நிலத்தைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். அது இடைவெளி என்றார்கள். அவர் அளந்து பார்த்தார், சரியாக இருந்தது, தலையாட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

அந்த நிலத்தில் இப்போது வலை காயப் போடுகிறார்கள், பையன்கள் கேடயம் செய்து விளையாடுகிறார்கள், செத்தவர்களுக்குப் படைக்கும் நாளில் அதன் இரண்டு ஓரத்திலும் ஹேரியுஸுக்கும் த்ரெமெல்லியுஸுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் வைத்துவிட்டு, நடுவில் சின்னதாக ஒன்று வைக்கிறார்கள். வீடு கட்டக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் யாராவது, நல்ல நிலமாக இருக்கிறதே, ஏன் காலியாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், அங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லி, வேறு இடம் காட்டுவோம்.